பிரபு வீட்டு டர்பைன்

தெர்மல் பேப்பர்ல பார்சன்ஸ் டர்பைன் படிச்சிருப்போம். அந்த சார்லஸ் பார்சன்ஸ் ஒரு பிரபுவின் மகன். அப்பா மூன்றாம் ராஸ் பிரபு, அயர்லாந்தில் தன் கோட்டையிலேயே அன்றைய உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியைக் கட்டியவர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகல. வீட்டுக்கே ஆசிரியர்கள் வந்தாங்க, பக்கத்திலேயே பட்டறை.

1869-ல் அந்தக் குடும்பம் செய்த நீராவி வண்டியிலிருந்து உறவுக்காரர் மேரி வார்ட் விழுந்து, சக்கரத்தில் நசுங்கி இறந்தார். சார்லஸுக்கு அப்போ 15 வயசு. அதோட நீராவியையே விட்டிருக்கலாம். விடல.

கேம்பிரிட்ஜில் கணிதம் முடிச்சு, நியூகாசிலில் ஆர்ம்ஸ்ட்ராங் தொழிற்சாலையில் அப்ரண்டிஸா சேர்ந்தார். பிரபு வீட்டுப் பையனுக்கு அது அபூர்வம். 1884-ல் டர்பைன் செய்தார். நீராவியின் அழுத்தத்தை ஒரே அடியா இறக்காம, பல வரிசை பிளேடுகளில் கொஞ்சம் கொஞ்சமா இறக்கினதுதான் சூட்சுமம். 1889-ல் கூட்டாளிகளைப் பிரிந்தபோது பேட்டன்ட் கையை விட்டுப் போச்சு, 1894-ல்தான் மீட்டார்.

கடற்படை நம்பணுமே? 'டர்பினியா' கப்பலைக் கட்டினார். முதலில் வேகம் வரல. புரொப்பல்லரைச் சுற்றி நீர் ஆவியாகிக் குமிழி கிளம்பியதுதான் காரணம். மூன்று தண்டு, ஒன்பது புரொப்பல்லர்னு மாத்தினார். 1897-ல் விக்டோரியா ராணியின் வைர விழாக் கப்பல் அணிவகுப்பில் டர்பினியா உள்ளே புகுந்து பாய்ந்தது. துரத்திய படகுகளால் பிடிக்க முடியல. 1906-ல் வந்த டிரெட்நாட் போர்க்கப்பலில் ஓடியது டர்பைன்தான்.

1931-ல் கப்பல் பயணத்திலேயே இறந்தார். இன்னிக்கும் அனல்மின் நிலையத்தில் ஜெனரேட்டரைச் சுத்துறது நீராவி டர்பைன்தான்.