ரம்பொடையில் பிறந்த ராசம்மா

சிங்களத் திரையுலகின் முதல் கதாநாயகி ருக்மணி தேவி என்பது பலருக்குத் தெரியும். அவருடைய இயற்பெயர் டேசி ராசம்மா டேனியல்ஸ் என்பது தமிழர்களிலேயே பலருக்குத் தெரியாது.

நுவரெலியா மாவட்டத்தின் ரம்பொடையில் 1923ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி, கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். குடும்பம் பின்னர் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தது. ஏழு வயதில் நத்தார் நாடகமொன்றில் மேடையேறினார். அடுத்த சில ஆண்டுகளில் இராமாயண நாடகத்தில் சீதையாக நடித்தபோது ஊரின் கண் அவர் மேல் விழுந்தது. நல்ல குடும்பத்துப் பெண்பிள்ளை நாடகமாடுவதா என்று முகம் சுழித்த காலம் அது. சிறுமியின் குரல்தான் அந்த எதிர்ப்பை மெல்ல அடக்கியது என்று சொல்லலாம்.

1930களின் இறுதியில் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் சேர்ந்து முதல் இசைத்தட்டில் பாடினார். புத்தகயா விகாரையைப் போற்றும் பாடல் அது. கிறிஸ்தவப் பெண் பாடிய பௌத்த பக்திப் பாடல் சிங்கள வீடுகளில் ஒலித்தது. அன்று அதை யாரும் விசித்திரமாக எண்ணியதாகத் தெரியவில்லை. இன்று நமக்குத்தான் அது விசித்திரமாகப் படுகிறது.

நீர்கொழும்பைச் சேர்ந்த ஜயமான்ன சகோதரர்களின் மினர்வா நாடகக் குழுவில் இணைந்த பின்னர் அவருடைய வாழ்க்கை திசைமாறியது. நகைச்சுவை நடிகரான எடி ஜயமான்னவை மணந்தார். எடியின் சகோதரர் பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன எழுதிய 'கடவுணு பொரொந்துவ' நாடகம், முதல் சிங்களப் பேசும் படமாகி 1947 ஜனவரி 21ஆம் திகதி திரைக்கு வந்தது. படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படப்பிடிப்பு நடந்தது மதுரையில், அவருடைய சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோவில். இசை நாராயண ஐயர். கதாநாயகியோ ராசம்மா. முதல் சிங்களப் படம் என்று நாம் கொண்டாடுவதில் தமிழர் பங்கு இவ்வளவு.

அதன்பின் மினர்வா நாடகங்கள் ஒவ்வொன்றாகப் படமாயின. அவரே நடித்தார், அவரே பாடினார். சேலத்தில் பிறந்த மொஹிதீன் பேக்குடன் அவர் பாடிய ஜோடிப் பாடல்கள் சிங்கள ரசிகர்களின் நெஞ்சில் இன்றும் இருக்கின்றன. பாடிய இருவருக்குமே சிங்களம் பிறப்பால் வந்த மொழியல்ல.

தமிழில் அவர் ஏன் நடிக்கவில்லை என்று சிலர் கேட்பதுண்டு. இலங்கையின் முதல் தமிழ்த் திரைப்படமான 'சமுதாயம்' வெளிவந்ததே 1962இல்தான். அப்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிவிட்டது. திரையில் தோன்ற விரும்பிய இலங்கைப் பெண்ணுக்கு 1947இல் சிங்களத்தைத் தவிர வேறு வாசல் இருக்கவில்லை.

வயது ஏறியபோது கதாநாயகி வேடங்கள் போயின. தாய் வேடங்கள் வந்தன. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'அஹசின் பொலவட்ட' படத்தில் அவரைப் பார்த்தவர்கள், இந்த நடிகையை முன்னரே நல்ல இயக்குநர்கள் பயன்படுத்தியிருக்கலாமே என்று ஆதங்கப்படுவார்கள். என் எண்ணமும் அதுவே.

புகழ் இருந்தது, சேர்த்துவைத்த செல்வம் இருக்கவில்லை. ஐம்பது வயது கடந்த பின்னரும் இசைக்குழுக்களோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பாடல்களையே சனம் கேட்டது. அவரும் சலிக்காமல் பாடினார்.

1978 ஒக்டோபர் மாத இறுதியில் மாத்தறை உயன்வத்தை மைதானத்தில் இசை நிகழ்ச்சியொன்று. இரவு பாடி முடித்துவிட்டு நீர்கொழும்பு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நெடும்பயணத்தில் பெரும்பகுதி கடந்தாயிற்று. ஜா-எலவுக்கு அருகே துடெல்லவில் வாகனம் விபத்துக்குள்ளானது. 28ஆம் திகதி காலை வானொலி அந்தச் செய்தியைச் சொன்னபோது அவருக்கு வயது 55. நீர்கொழும்பில் இன்று அவருக்குச் சிலை இருக்கிறது. ருக்மணி தேவி என்ற பெயரில்.