ஆன்சல் கீஸ்: வெண்ணெய்க்கும் மாரடைப்புக்கும் முடிச்சுப் போட்டவர்

வெண்ணெய், நெய், கொழுப்பான இறைச்சி சாப்பிட்டா இதயத்துக்கு ஆகாது என்ற பேச்சு உலகமெங்கும் பரவ முக்கியக் காரணம், ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். அவரைக் கொண்டாடுபவர்களும் உண்டு, திட்டித் தீர்ப்பவர்களும் உண்டு. அவர் உண்மையில் கண்டது என்ன?

யார் இவர்?

1904-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் பிறந்தவர். இதய மருத்துவர் கிடையாது, உடலியல் ஆய்வாளர். மின்னசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் இருக்கை வரிசைகளுக்குக் கீழேதான் அவருடைய ஆய்வகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்கள் சுமந்துபோன கே-ரேஷன் உணவுப் பொட்டலம் அவர் யோசனை. போர் முடியும் சமயத்தில், 36 தன்னார்வலர்களை வைத்துப் பட்டினி என்ன செய்யும் என்று ஆராய்ந்தார்.

சந்தேகம் எப்படி வந்தது?

போருக்குப் பிறகு, நன்றாகச் சாப்பிடும் அமெரிக்கர்கள்தான் மாரடைப்பில் விழுந்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் போனார். அங்கே உழைக்கும் மக்களிடம் மாரடைப்பு அபூர்வம். 1953-ல் 6 நாடுகளின் புள்ளிவிவரத்தை வைத்து, கொழுப்பு கூடினால் இதயநோய்ச் சாவும் கூடுகிறது என்று வரைபடம் போட்டார். 22 நாடுகளுக்குத் தகவல் இருக்கிறதே, அதைப் பார்த்தால் தொடர்பு இவ்வளவு வலுவாக இல்லையே என்று 1957-ல் இருவர் மடக்கினார்கள்.

ஏழு நாடுகள்

1958-ல் வேறொரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். 7 நாடுகளில், 40 முதல் 59 வயது வரையிலான 12,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல ஆண்டுகள் கண்காணித்தார்கள். பாலும் வெண்ணெயும் நிறைந்த கிழக்கு பின்லாந்தில் இதயநோய்ச் சாவு மிக அதிகம். கிரேக்கத் தீவான கிரீட்டிலும் கொழுப்பு குறைவில்லை. ஆனா அது ஆலிவ் எண்ணெய். சாவோ மிகக் குறைவு. அதாவது அளவை விட வகைதான் முக்கியம். நிறைவுற்ற கொழுப்பு கூடினால் ரத்தத்தில் எல்டிஎல் கொலஸ்ட்ரால் கூடும். அது ரத்தக்குழாய்ச் சுவரில் படியும்.

22 நாடுகளிலிருந்து வசதியான ஏழைப் பொறுக்கினார் என்று இன்றும் சொல்கிறார்கள். அது ரெண்டு ஆய்வுகளையும் குழப்புவதால் வரும் தவறு. ஆனாலும், நாடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கவில்லை, பிரான்ஸ் அதில் இல்லை என்ற விமர்சனம் நியாயமானதே.

எங்கே சறுக்கியது?

சர்க்கரைதான் குற்றவாளி என்று வாதிட்ட பிரிட்டன் ஆய்வாளர் ஜான் யுட்கினை கீஸ் கடுமையாக நிராகரித்தார். கீஸும் பங்கேற்ற ஒரு மின்னசோட்டா சோதனை 1968 முதல் 1973 வரை நடந்தது. சோள எண்ணெய்க்கு மாறியவர்களுக்குக் கொலஸ்ட்ரால் இறங்கியது; சாவு குறையவில்லை. அதன் விரிவான தரவுகள் 2016-ல்தான் வெளிவந்தன.

இன்று என்ன நிலை?

மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குப் பதில் என்ன சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். கொட்டைகள், மீன், முழுத்தானியம் என்றால் பலன் உண்டு. வெண்ணெயை விட்டுட்டு மைதா பிஸ்கட்டுக்குப் போனால் இதயத்துக்கு லாபமில்லை.

ஓய்வுக்குப் பின் இத்தாலியின் பியோப்பி கிராமத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்த கீஸ், 2004-ல் 100 வயதில் காலமானார். ஒரு மனிதரின் நீண்ட ஆயுள் ஒரு கோட்பாட்டுக்கு ஆதாரமாகாது. நாடு நாடாக ஆட்களைப் பின்தொடர்ந்து பார்த்தால்தான் உண்மை தெரியும் என்று காட்டியவரும் அவர்தான்.