அச்சத்தோடு பிறந்தவர்

1588ஆம் ஆண்டின் இளவேனிற் காலம். ஸ்பானியப் பெருங்கடற்படை இங்கிலாந்தின்மீது படையெடுத்து வருகிறதென்ற வதந்தி ஊரூராகப் பரவிற்று. மாம்ஸ்பரி நகரையடுத்த வெஸ்ற்போர்ட்டில், கருவுற்றிருந்த குருவானவரின் மனைவி அதனைக் கேட்டு நடுங்கினாள். ஏப்பிரல் 5ஆந் திகதி, உரிய காலம் வருமுன்னரே மகவை ஈன்றாள். கப்பல்களோ மே மாதத்திலேதான் லிஸ்பனை விட்டுப் புறப்பட்டன!

அம்மகவே அரசியற் றத்துவ ஞானி தோமஸ் ஹொப்ஸ். தாமும் அச்சமும் இரட்டையராய்ப் பிறந்ததாக, எண்பது வயதைக் கடந்தபின் இலத்தீன் செய்யுளில் அவர் எழுதினார். உள்நாட்டுப் போருக்கு அஞ்சி 1640இல் பாரிஸுக்கு ஓடிப் பதினோராண்டு தங்கியவர். மரண பயமே மனிதரை அரசுக்கு அடங்கச் செய்கிறதென 1651இல் 'லெவியதான்' நூலிலே நிறுவியவர்.

ஆயினும், பழியனைத்தையும் கருப்பையின்மீது சுமத்துதல் முறையா? தந்தை முன்கோபி, கோயில் வாசலிற் கைகலந்து, பின்னர் ஊரைவிட்டே ஓடியவர். மைந்தனைப் படிப்பித்தவர் கையுறை வணிகரான தந்தையின் சகோதரரே. சூல்கொண்டவளின் கடுந்துயர் சிசுவின் மனவெழுச்சிகளைப் பாதிக்கலாமென இன்றைய ஆய்வாளர் கூறுவர். தாயின் மனவுறுதியும் சுற்றத்தார் ஆதரவும் அதனைத் தணிக்கக்கூடுமென்பதையும் அவர்களே கூறுவர்.

ஹொப்ஸ் 1679இல், தமது 91ஆம் வயதிற் காலமானார். அவரைப் பெற்றவளைப் பற்றியோ, அஞ்சினாள் என்பதற்குமேல் வரலாறு அதிகம் குறித்துவைக்கவில்லை.