ஓர் ஊரையே கேட்க வைத்தவர்: லவுட் ஸ்பீக்கர் தந்த பீட்டர் ஜென்சன் யார்?

1919 செப்டம்பர் 19. அமெரிக்காவின் சான் டியாகோ நகர விளையாட்டரங்கில் சுமார் 50,000 பேர் கூடியிருக்கிறார்கள். பேசப்போகிறவர் அதிபர் உட்ரோ வில்சன். உலக நாடுகள் சங்கத்துக்கு ஆதரவு கேட்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்ததில் அவர் உடம்பு ரொம்பவே தளர்ந்திருந்தது. அவருக்காக ஒரு கண்ணாடிக் கூண்டு தயாராக இருந்தது. உள்ளே மைக், வெளியே குழாய் ஸ்பீக்கர்கள்.

அன்று அந்தக் கருவி மக்கர் செய்திருந்தால் முன் வரிசையைத் தாண்டி யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது. ஆனால் கேட்டது. மைக் பிடித்து ஒரு அமெரிக்க அதிபர் இவ்வளவு பெரிய கூட்டத்தில் பேசியது அதுவே முதல்முறை. அதைச் சாத்தியமாக்கிய இருவரில் ஒருவர் பீட்டர் ஜென்சன். பழைய ரேடியோ பிரியர்களுக்கும் கிடார் வாசிப்பவர்களுக்கும் ஜென்சன் என்ற பெயர் பழக்கமானதுதான். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

டென்மார்க் டு கலிஃபோர்னியா

1886-ல் டென்மார்க்கின் ஃபால்ஸ்டர் தீவில் பிறந்தவர் ஜென்சன். இளம் வயதிலேயே வால்டெமார் பூல்சனின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். காந்தத்தில் ஒலியைப் பதிவு செய்யலாம் என்று 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே காட்டியவர் பூல்சன். அவருடைய கம்பியில்லாத் தந்தி முறையை அமெரிக்காவில் நிறுவ ஆள் தேவைப்பட்டபோது, 1909-ல் கலிஃபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தார் ஜென்சன்.

அங்கே எட்வின் பிரிதாம் என்ற பொறியாளர் நண்பரானார். அந்த வேலையை விட்டுவிட்டு இருவரும் நாப்பா என்ற சின்ன ஊரில் ஒரு வீட்டில் சொந்தமாக ஆய்வு தொடங்கினார்கள். கையில் பெரிய திட்டம் எதுவும் இல்லை. டெலிஃபோனில் காதில் வைத்துக் கேட்கும் ரிசீவரைத் தரமாக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

அப்படி என்ன செய்தார்கள்?

அன்றைய ரிசீவரில் ஒரு மெல்லிய இரும்புத் தகட்டை மின்காந்தம் இழுத்து அதிர வைக்கும். இவர்கள் வேறு வழியில் போனார்கள். வலுவான காந்தத்துக்கு நடுவே ஒரு குட்டிக் கம்பிச் சுருளைத் தொங்கவிட்டார்கள். அதில் பேச்சின் மின்சாரம் பாய்ந்தால் சுருளே முன்னும் பின்னும் அசையும். சுருளோடு சேர்ந்து தகடும் அசையும், ஒலி வரும். இப்போது உங்கள் ஃபோனில் இருக்கும் ஸ்பீக்கர்கூட அடிப்படையில் இப்படித்தான் வேலை செய்கிறது.

இந்த யோசனை இவர்களுக்கு முன்பே இருந்தது. ஜெர்மனியில் சீமென்ஸும் இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜும் 19-ம் நூற்றாண்டிலேயே இதைத் தொட்டிருக்கிறார்கள். அதை ஊரே பயன்படுத்தும் பொருளாக மாற்றியது நாப்பா கூட்டணி.

ஆனால் டெலிஃபோன் நிறுவனங்கள் அதை வாங்கவில்லை. காதில் வைத்துக் கேட்கும் பொருளுக்கு அது கனம் அதிகம். அதோடு மின்காந்தத்துக்குத் தனியாக மின்சாரமும் தர வேண்டும். எதற்காகச் செய்தார்களோ, அதற்கே அது உதவாமல் போனது.

பிறகு அதே கருவியில் ஒரு கிராமஃபோன் குழாயைப் பொருத்திப் பார்த்தார்கள். கதை அங்கேதான் திரும்பியது. காதுக்கு ஒத்துவராத சாதனம் ஊருக்கே கேட்டது!

1915 டிசம்பர் 24 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ நகர மன்றத்தின் முன் கூடிய பெருங்கூட்டம் இந்தக் கருவி வழியாகப் பாட்டும் பேச்சும் கேட்டது. அதே மாதம், உடல்நிலை சரியில்லாமல் வீட்டிலிருந்த கலிஃபோர்னியா ஆளுநர் ஹைரம் ஜான்சன் தொலைபேசியில் பேச, ஓர் அரங்கமே அதைக் கேட்டது. 1917-ல் அவர்களுடைய நிறுவனம் மேக்னவாக்ஸ் என்ற பெயரைப் பெற்றது. லத்தீன் மொழியில் 'பெருங்குரல்' என்று பொருள்.

பழைய ஸ்பீக்கரில் ஏன் கூடுதல் வயர்?

பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரில் வழக்கமான இரண்டு வயருக்கு மேல் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அன்றைக்கு வலுவான நிரந்தர காந்தம் மலிவாகக் கிடைக்காது. அதனால் பெரிய கம்பிச் சுருளில் மின்சாரம் செலுத்திக் காந்தம் உண்டாக்கினார்கள். அதுதான் ஃபீல்டு காயில். கரண்ட் இல்லையென்றால் காந்தம் இல்லை, காந்தம் இல்லையென்றால் சத்தமும் இல்லை.

ரேடியோ வடிவமைத்தவர்கள் இதிலும் ஒரு சிக்கனம் கண்டார்கள். பவர் சப்ளையில் வரும் 'ம்ம்ம்' என்ற இரைச்சலை வடிகட்ட சோக் என்ற சுருள் தேவை. ஃபீல்டு காயிலையே சோக்காகவும் மாட்டிவிட்டார்கள். ஒரே காயில், இரண்டு வேலை.

இப்படிப்பட்ட ஸ்பீக்கரை வீட்டிலேயே செய்யும் வால்வு ஆம்ப்ளிஃபயரில் மறுபடி பயன்படுத்துபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் போடும் முதல் கணக்கு இது. காயில் 1,000 ஓம், அதில் ஓடுவது 80 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். காயிலிலேயே 80 வோல்ட் குறையும், 6.4 வாட் வெப்பம் உண்டாகும். இதைக் கணக்கில் எடுக்காமல் பவர் சப்ளை செய்தால் வால்வுகளுக்குப் போக வேண்டிய வோல்டேஜ் போகாது. காயிலைத் தூக்கிவிட்டுச் சாதாரண ஸ்பீக்கர் மாட்டினாலும், அந்த இடத்தில் சோக்கோ ரெசிஸ்டரோ வைத்தே ஆக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: அங்கே ஓடுவது 300 வோல்ட்டைத் தாண்டலாம். சுவிட்சை அணைத்த பிறகும் கபாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. அனுபவமில்லாமல் கை வைக்க வேண்டாம்.

பெயர் தங்கியது, ஆள் இல்லை

1925-ல் தான் தொடங்கிய மேக்னவாக்ஸை விட்டு ஜென்சன் வெளியேறினார். 1927-ல் சொந்தப் பெயரில் ஸ்பீக்கர் நிறுவனம் ஆரம்பித்தார். பின்னர் அது சிகாகோவுக்கு மாறியது. அது ஃபீல்டு காயிலின் பொற்காலம். 1930-களில் அல்னிகோ என்ற வலுவான காந்தக் கலவை வந்ததும் அந்தக் காலம் மெல்ல முடியத் தொடங்கியது.

1940-களில் தன் பெயர் தாங்கிய நிறுவனத்தையும் விட்டு வெளியேறினார் ஜென்சன். அடுத்து தொடங்கிய நிறுவனத்தில் கிராமஃபோன் ஊசிகள் தயாரித்தார். 1950-களில் ஃபெண்டர் கிடார் ஆம்ப்ளிஃபயர்களில் ஜென்சன் ஸ்பீக்கர்கள் புகழ் பெற்றபோது, அந்த ஜென்சன் அங்கே இல்லை. 1961-ல் அவர் காலமானார்.

சான் டியாகோ பேச்சு என்ன ஆனது? அடுத்த ஒரு வாரத்திலேயே வில்சன் உடல் சோர்ந்து பயணத்தை நிறுத்தினார். அதன் பிறகு பக்கவாதம் தாக்கியது. நவம்பரில் அமெரிக்க செனட் அவர் கேட்டதை நிராகரித்தது. 50,000 பேருக்குக் கேட்ட குரல், முடிவெடுப்பவர்களின் மனதை மாற்றவில்லை. குரலைக் கடைசி வரிசை வரை கொண்டுபோவதுதான் ஜென்சனின் வேலை. அதை அவர் செய்து காட்டினார்.

அடுத்த முறை தெருமுனைக் கூட்டத்தில் மைக் செட்காரர் ஹலோ, ஒன், டூ, த்ரீ சொல்லும்போது, காதுக்காகச் செய்து ஊருக்குக் கேட்ட அந்த நாப்பா கருவியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.