ஐடா ஸ்கடர் அம்மையார்

மக்கள் தத்தம் வருங்காலத்தைப் பற்றி மனத்துள் பல திட்டங்களை வகுத்துக்கொள்வது இயல்பு. அத்திட்டத்தைத் தாமே கைவிட்டு, இறைவன் காட்டும் வழியில் நடத்தல் எளிய செயலன்று. அவ்வாறு நடந்து, எண்ணற்ற உயிர்களைக் காத்த பெருமாட்டியார் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே ஐடா ஸ்கடர் அம்மையார்.

அமெரிக்க நாட்டு ஸ்கடர் குடும்பம் மருத்துவத் தொண்டிற்குப் பெயர் பெற்றது. ஐடாவின் பாட்டனாராகிய ஜான் ஸ்கடர் 1819-ஆம் ஆண்டில் கிறித்தவ மருத்துவத் தொண்டராக இலங்கைக்குப் புறப்பட்டு, பின்னர்ச் சென்னைக்கு வந்து பணியாற்றினார். அவர்தம் மக்களும் பேரரும் அத்தொண்டைத் தொடர்ந்தனர். அக்குடும்பத்தில், 1870-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள், இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார்.

தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியபொழுது அவர் சிறுமி. உணவைத் தாமே எடுத்து உண்ணவும் வலிமையற்றிருந்த குழந்தைகளுக்கு அவர் ரொட்டியைப் பிட்டு ஊட்டினார். அக்கொடிய காட்சி அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. பின்னர் அவர் அமெரிக்காவிற்குச் சென்றார். சில ஆண்டுகளில் பெற்றோர் அவரை உறவினரிடம் விட்டுவிட்டு, தம் பணியை நாடி இந்தியாவிற்குத் திரும்பினர். அப்பிரிவு இளம் பெண்ணாகிய ஐடாவைப் பெரிதும் வருத்தியது. இந்தியாவை நினைத்தால் பஞ்சமும் பிரிவுமே அவர் நினைவில் எழுந்தன. ஆதலின், தம் குடும்பத்தார் தொண்டைத் தாம் மேற்கொள்வதில்லை என்றும், அமெரிக்காவிலேயே இனிய இல்வாழ்வு நடத்துவதென்றும் அவர் உறுதி கொண்டிருந்தார்.

1890-ஆம் ஆண்டில், அன்னையார் நோயுற்றார் என்னும் செய்தி எட்டவே, ஐடா தாயகம் வந்தார். சிறிது காலம் அன்னைக்குத் துணையாய் இருந்துவிட்டு மீள்வதே அவர் கருத்து. பெற்றோர் அந்நாளில் திண்டிவனத்தில் இருந்தனர். ஓரிரவு அவ்வீட்டின் கதவண்டை அந்தணர் ஒருவர் வந்து நின்றார். தம் இளமனைவி மகப்பேற்று வேதனையில் உயிருக்குப் போராடுவதாகவும், ஐடா வந்து காத்தல் வேண்டும் என்றும் அவர் வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாதென்றும், தந்தையார் உடனே வருவார் என்றும் ஐடா கூறினார். அயல் ஆடவர் தம் மனைவியைக் காண்பது குலவழக்கன்று எனக் கூறி, அவர் கண்ணீருடன் திரும்பினார். அவர் சென்ற பின்னர் இசுலாமியர் ஒருவர் வந்தார். அவருக்கு நேர்ந்த துன்பமும் அதுவே. அவர் கூறிய மறுப்பும் அதுவே. மூன்றாவதாக உயர்குல இந்து ஒருவரும் அவ்வாறே வந்து, அவ்வாறே மீண்டார்.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. காக்கும் கல்வியுடைய தந்தையார் அருகிலிருந்தும், பெண் மருத்துவர் ஒருவர் இல்லாமையால் மூன்று உயிர்கள் தவித்தன. பொழுது புலர்ந்ததும் தெருவில் சாப்பறை ஒலித்தது. ஆள் அனுப்பி வினவினார். மூன்று பெண்களும் மாண்டனர் என்னும் செய்தி வந்தது. அவர் தம் அறையுட் புகுந்து, நெடுநேரம் இறைவனை நோக்கி மன்றாடினார். அம்மூவரின் வருகையை இறைவனது அழைப்பாகவே அவர் கொண்டார். தாம் வகுத்திருந்த இனிய வாழ்வைத் துறத்தல் அவருக்கு எளிதாய் இருந்திலது. எனினும் பெற்றோரிடம் சென்று, தாம் மருத்துவம் பயின்று மீண்டும் இந்நாட்டிற்கே வரப்போவதாகத் தெரிவித்தார்.

அவர் அமெரிக்கா சென்று பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் மருத்துவம் கற்று, 1899-இல் பட்டம் பெற்றார். பெண்களுக்கென ஒரு மருத்துவமனை அமைக்கச் செல்வர் ஒருவர் தம் மனைவியின் நினைவாகப் பதினாயிரம் டாலர் அளித்தார். 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். தந்தையாரின் துணையோடு தொழில் பழகலாம் என எண்ணியிருந்தார், அவ்வெண்ணமும் நிறைவேறவில்லை. அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். தொடக்கத்தில் அவரை நாடி வந்த நோயாளரும் மிகச் சிலரே. எனினும் அவர் தளர்ந்தாரல்லர். சமையற்காரரின் மனைவியாகிய சலோமியைத் துணையாகக் கொண்டு, வீட்டின் சிற்றறையிலேயே மருத்துவம் செய்தார். 1902-இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. அங்கு வர இயலாத சிற்றூர் மக்களைத் தேடி, குடியாத்தம் செல்லும் சாலையில் மர நிழல்களில் நின்று அவர் மருந்தளித்தார்.

தாம் ஒருவர் மட்டும் உழைத்தால் போதாது என்பதை அம்மையார் உணர்ந்தார். இந்நாட்டுப் பெண்களே மருத்துவர் ஆதல் வேண்டும் எனக் கருதி, 1918-இல் மகளிர் மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். ஆறு பெண்களாவது விண்ணப்பித்தால் தொடங்கலாம் என்று அரசு மருத்துவத் துறைத் தலைவர் ஐயத்தோடு கூறியிருந்தார். நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அவருள் பதினெழுவர் சேர்க்கப்பட்டனர். முதல் அணியில் இறுதித் தேர்வு எழுதிய பதினால்வரும் 1922-இல் தேறினர்.

அம்மையாரின் முதுமையில் மற்றொரு சோதனை வந்தது. பட்டப்படிப்பு இல்லாத மருத்துவப் பள்ளிகள் இனி நடைபெறலாகாது என 1938-இல் அரசு விதித்தது. பள்ளியைக் கல்லூரியாக உயர்த்தப் பெரும் பொருள் வேண்டியிருந்தது. எழுபதாண்டு கடந்த அம்மையார் 1941-இல் அமெரிக்கா சென்று, ஊர் ஊராய்ப் பொருள் திரட்டினார். பெண்களுக்கென்றே தாம் வளர்த்த நிலையத்தில் ஆடவருக்கும் இடந்தரலாமா என்னும் வினாவும் அந்நாளில் எழுந்தது. நெடுநாள் உதவிய தோழியர் சிலர் அதனைக் கடுமையாய் எதிர்த்தனர். அம்மையார் பெரிதும் உளம் வருந்தினார். ஆயினும் தாம் முன்பு வகுத்த எல்லையைக் காட்டிலும் நோயுற்றோர் நலமே பெரிதெனத் தெளிந்தார். 1947-இல் ஆடவரும் மாணவராகச் சேர்ந்தனர்.

1960-ஆம் ஆண்டு மே திங்களில், தம் எண்பத்தொன்பதாம் வயதில், அம்மையார் கொடைக்கானலில் இறைவனடி சேர்ந்தார். அவர் நட்ட சிறு செடி, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக ஓங்கி வளர்ந்து, பல்லாயிரவர்க்கு நிழல் தருகின்றது.

இளமையில் அம்மையார் தம் இன்பத்தைக் கருதிய திட்டத்தை விடுத்தார். முதுமையில் தாமே நன்றெனக் கருதிய திட்டத்தையும் மாற்றிக்கொண்டார். பின்னதே முன்னதினும் அரிது. மாணவர்களே! பிறர் துயர் நம் வாயிற்கதவைத் தட்டுங்கால், அதனை வெறும் இடையூறு என்று ஒதுக்காது, செவி கொடுத்துக் கேட்கும் உள்ளத்தை நாமும் பெறுவோமாக.