கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீன்

நோய் தீர்த்த வைத்தியரை உலகம் எளிதிற் போற்றும். வைத்தியம் கற்பித்தவரை அங்ஙனம் போற்றுவதில்லை. காய்ச்சலைத் தணித்தவரையும், கட்டியைக் கீறி உயிர் காத்தவரையும் நோயாளி தன் வாழ்நாள் முழுதும் மறவான். அந்தக் கையைப் பழக்கிய ஆசிரியர் யாவர் என்று வினவுவோர் மிகச் சிலர். அம்மட்டோ! நோயாளியின் கட்டிலருகே நில்லாது மாணவர் நடுவே அமர்ந்திருக்கும் வைத்தியரைக் கண்டால், இவர் தம் பொழுதை வீணாக்குகின்றார் என்று கருதுவாரும் உளர். இக்கருத்தை எதிர்த்துத் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைச் செலவிட்ட ஒருவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர், யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே தங்கி, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழர்க்குத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்கராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவர்.

கிறீன் 1822-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய மாசசூசெட்ஸில், வூஸ்டர் நகரைச் சார்ந்த கிறீன் குன்று என்னும் தம் குடும்ப மனையிற் பிறந்தார். அவருக்கு இரண்டாண்டு மூத்தவராகிய ஆண்ட்ரு ஹாஸ்வெல் கிறீன் பிற்காலத்தில் நியூயார்க் மாநகரை விரிவாக அமைத்தோருள் தலைசிறந்தவராய்ப் புகழ் பெற்றார். தமையனார் ஒரு பெருநகரைக் கட்டுவதில் ஈடுபட்டார். தம்பியாரோ தமக்குச் சிறிதும் அறிமுகமில்லாத மொழியொன்றில் ஒரு கலையைக் கட்டியெழுப்பப் புறப்பட்டார். நியூயார்க்கிலே வைத்தியக் கல்வி பயின்று 1845-ல் பட்டம் பெற்ற கிறீன், அமெரிக்க மிஷன் சங்கத்தாரால் அனுப்பப்பெற்று 1847-ல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது ஏறக்குறைய இருபத்தைந்து.

அவர் வந்த காலத்து நிலைமையைச் சிறிது அறிதல் வேண்டும். மேனாட்டு வைத்தியம் யாழ்ப்பாணத்திற்கு முற்றிலும் புதியதன்று. ஜான் ஸ்கடர் என்னும் வைத்தியர் 1820 முதலாகப் பண்டத்தரிப்பில் நோயாளரைப் பார்த்து, 1836-ல் சென்னைக்குச் சென்றிருந்தார். அவருக்குப் பின் நேதன் உவார்டு என்பவர் அப்பணியை மேற்கொண்டார். ஆயினும் நாட்டு மக்களின் நம்பிக்கையெல்லாம் தம் பரம்பரை வைத்தியர்பாலே இருந்தது. அது காரணமற்ற நம்பிக்கையன்று. பரராசசேகரம், செகராசசேகரம் முதலிய பழைய வைத்திய நூல்களை உடைய நாடு அது. அங்கே வைத்தியம் தந்தையிடமிருந்து மகனுக்கும், குருவினிடமிருந்து சீடனுக்கும் ஏட்டுச் சுவடி வாயிலாக வந்த செல்வம். செல்வத்தைத் தெருவில் வாரி இறைப்பார் உண்டோ? ஆதலின், கைகண்ட மருந்து ஒன்றின் செய்பாகத்தைப் பிறர்க்கு வெளியிடாமை வைத்தியனுக்கு இயல்பென்றே யாவரும் எண்ணியிருந்தனர்.

இத்தகைய நாட்டில், கடல் கடந்து வந்த அயலார் ஒருவர் தாம் அறிந்தவற்றையெல்லாம் எந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கும் மறையாது சொல்லிக் கொடுப்பேன் என்று முன்வந்தால், மக்கள் என்ன எண்ணுவர்? அரிய பொருளாயின் இவர் இங்ஙனம் எளிதில் விடுவாரோ என்று ஐயுறுதல் இயல்பேயன்றோ? அன்றியும், சீழையும் குருதியையும் துடைப்பதும், பிணத்தைத் தீண்டுவதும் ஆசாரமுடையோர்க்குத் தகாத செயல்கள் என்ற எண்ணம் அக்காலத்தில் ஆழ வேரூன்றியிருந்தது. நோய் முற்றியபின் வைத்தியசாலைக்கு வந்து கத்தியின் உதவியை நாடுவதற்கு இசைந்தவரும், அக்கத்தியைத் தம் மகன் கையிற் கொடுக்க எளிதில் இசைந்தாரல்லர்.

கிறீன் 1848 முதல் மானிப்பாயில் நோயாளரைப் பார்த்துக்கொண்டே மாணவரைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். வட்டுக்கோட்டையில் 1823-ல் நிறுவப்பெற்றிருந்த செமினாரியிலே ஆங்கிலம் கற்றுத் தேர்ந்த இளைஞரே முதற்கண் அவரிடம் வந்தவர். பாடமும் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. மாணவர் காலையில் நூலைப் படித்து மாலையில் மறந்துவிடும் கல்வியன்று அது. வைத்தியசாலையே அவர்க்கு வகுப்பறை. மருந்து கலத்தல், புண் கட்டுதல், சத்திரமிடுங்கால் உடனிருத்தல் ஆகியவற்றைக் கண்ணாற் கண்டும் கையாற் செய்தும் அவர்கள் பயின்றனர்.

சில ஆண்டுகளில் கிறீன் ஓர் உண்மையைக் கண்டார். அவரிடம் ஆங்கிலத்திற் கற்றோர்க்கு அரசாங்க உத்தியோகமும் தோட்டப்புற வைத்தியசாலை வேலையும் காத்திருந்தன. கற்ற கல்வி அவர்களை ஊரைவிட்டு அழைத்துச் சென்றது. பொருள் ஈட்டுதல் தவறன்று. ஆயினும் எந்தக் கிராமத்து நோயாளிக்காக அவர் கற்பித்தாரோ, அந்தக் கிராமத்தில் வைத்தியர் இல்லாமலே போயிற்று. ஆங்கிலம் அறியாத இளைஞனோ, எத்துணைக் கூரிய அறிவுடையவனாயினும், அவருடைய வகுப்பின் வாயிலைத் தாண்ட இயலாதவனாயிருந்தான். ஆகவே வைத்தியக் கலை தமிழிலேயே நிலைபெறுதல் வேண்டும் என்று அவர் துணிந்தார்.

இத்துணிவுக்கு மூன்று திசையிலிருந்தும் தடை எழுந்தது. முதலாவது, மிஷன் சங்கத்தாரது நோக்கம். வைத்தியம் சமயப் பணிக்குத் துணையாய் நிற்பதே போதும் என்று கருதிய அவர்கள், வைத்தியக் கல்லூரி ஒன்றை வளர்ப்பதைத் தம் தலையாய கடமையாகக் கொள்ளவில்லை. இரண்டாவது, அரசாங்கத்தின் போக்கு. அரசாங்கத்தின் அலுவல் ஆங்கிலத்தில் நடந்தமையால் அதற்கு வேண்டியவரும் ஆங்கிலம் கற்ற வைத்தியரே. மூன்றாவதும் வலியதுமானது, கற்றறிந்த தமிழரது மனப்பான்மை. தமிழிற் கற்ற வைத்தியன் அரை வைத்தியன் என்று அவர்கள் எண்ணினர். அவர்களைப் பழித்தல் எளிது. ஆயினும் அது நேர்மையன்று. நிலத்தை ஈடு வைத்து மகனைப் படிக்கவைக்கும் தந்தை, அப்படிப்பினால் மாதச் சம்பளம் வருமோ என்று பார்ப்பது குற்றமாகுமோ? கிறீன் கேட்டது பெருந்தியாகம். கேட்கப்பட்டவரோ எளிய குடும்பத்தினர்.

இத்தடைகளுக்கு அவர் வாதத்தினால் விடை கூறியதினும் உழைப்பினால் விடை கூறியதே மிகுதி. நூல் இல்லாத மொழியிற் கல்வி இல்லை. ஆதலின் நூல் செய்யத் தலைப்பட்டார். கல்வின் கட்டர் என்பார் இயற்றிய உடல்நூலைத் தழுவி, அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்பதை 1852-ல் வெளியிட்டார். உடலின் அமைப்பையும், அதன் உறுப்புக்கள் தொழில் செய்யும் வகையையும், உடல்நலம் பேணும் முறையையும் ஒருங்கே கூறுவது அது. மகப்பேற்று வைத்தியத்தைப் பற்றிய நூல் 1857-ல் வந்தது. அவ்வாண்டிலே அவர் உடல் நலிவினால் தாய்நாடு சென்றார். 1862-ல் திருமணம் செய்துகொண்டு மனைவியாருடன் மீண்டும் மானிப்பாய்க்கு வந்தார். 1864-ம் ஆண்டளவில் தமிழ் வகுப்பை முறையாகத் தொடங்கினார்.

அதன்பின் தோன்றியவை பெருநூல்கள். துரூயிற்று என்பாரது நூலைத் தழுவிய இரண வைத்தியம் 1867-ல் வெளிவந்தது. கிரே என்பாரது புகழ்பெற்ற உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரால் 1872-ல் தமிழுருப் பெற்றது. அவ்வாண்டிலேயே வைத்தியாகரம் என்னும் நூலும் வந்தது. இவற்றை அவர் தனித்துச் செய்தாரல்லர். தம்மிடம் கற்றுத் தேர்ந்த தமிழ் மாணவரையே மொழிபெயர்ப்பாளராக்கி, அவர்கள் எழுதியதை வரி வரியாகத் தாமும் இருந்து ஆராய்ந்து திருத்தினார். இதனால் நூலும் வளர்ந்தது. நூல் செய்வாரும் வளர்ந்தனர்.

கலைச்சொல் ஆக்கத்தில் அவர் கைக்கொண்ட ஒழுங்கு நாம் கருதத் தக்கது. முதலிலே தமிழிற் சொல் உண்டோ என்று தேடுவார். நாட்டு வைத்தியரது ஏடுகளையும் புறக்கணியார். தமிழிற் கிடையாதாயின் வடமொழியை நாடுவார். அங்கும் கிடையாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசையத் திரித்துக்கொள்வார். அங்காதிபாதம் வடமொழிச் சொற்களால் ஆயது. கெமிஸ்தம் என்பதோ ஆங்கிலத்தைத் திரித்தது. இவற்றுட் சில இன்று நம் செவிக்குக் கடினமாய்த் தோன்றலாம். ஆயினும் வழியில்லாத காட்டில் முதலில் நடந்தவன் இட்ட அடி கோணலாயிருப்பது வியப்பன்று.

மாணவருடைய நடையுடையிலும் அவர் ஒரு கொள்கை உடையவராயிருந்தார். கிறிஸ்து சமயத்தைத் தழுவிய தமிழர் மேனாட்டார் உடையையும் பழக்கத்தையும் மேற்கொள்ளுதலை அவர் விரும்பவில்லை. தமிழராகவே இருந்து தம் மக்களிடையே பணி செய்தல் வேண்டும் என்பதே அவர் விருப்பம். தம் ஊராரைப் போலவே உடுத்து, ஊரார் மொழியிலே நோயின் காரணத்தை விளக்கும் இளைஞனிடம் மக்கள் அச்சம் நீங்கிப் பேசுவர் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1866, 1867-ம் ஆண்டுகளில் வாந்திபேதி பரவி யாழ்ப்பாணத்தில் ஆயிரக்கணக்கானோரை மாய்த்த கொடுங்காலத்தில், கிராமந்தோறும் வேண்டப்பட்டவர் அத்தகைய வைத்தியரே. பெருநோய் வந்தபொழுது ஒருவர் கை எத்தனை வீட்டுக் கதவைத் தட்டும்? பலரைப் பயிற்றியவரது அருமை அப்பொழுதன்றோ விளங்கும்!

1873-ல் கிறீன் உடல் தளர்ந்து யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். இருமுறையுமாக அவர் அங்கு வாழ்ந்தது ஏறக்குறைய இருபத்தோராண்டு. அக்காலத்தில் அவர் பயிற்றிய வைத்தியர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். அவருள் 33 பேர் தமிழிலேயே கற்றவர். வூஸ்டரில் இருந்தபொழுதும் அவருடைய மேசையின்மீது தமிழ்க் கையெழுத்துப் படிகள் கிடந்தன. கப்பல் வழியே மாதக்கணக்கில் தபால் போக்குவரத்து நடந்த காலம் அது. மாணவர் இங்கிருந்து அனுப்பியதை அவர் அங்கிருந்து திருத்தி அனுப்பினார். இங்ஙனம் கெமிஸ்தம் 1875-லும், மனுஷ சுகரணம் 1883-லும், இந்து பதார்த்த சாரம் 1884-லும் வெளிவந்தன. இறுதியிற் கூறிய நூல் இந்நாட்டு மருந்துச் சரக்குகளைப் பற்றியது. கப்பலில் வரும் மருந்துக்கு விலை கொடுக்க மாட்டாத கிராமத்து வைத்தியனுக்கு அஃது எத்துணை உதவி! அவருடைய நூல்களின் பக்கங்கள் மொத்தமாக நான்காயிரத்துக்கு மேற்பட்டவை. 1884-ம் ஆண்டு மே மாதம் 28-ம் நாள் அவர் காலமானார். தாம் தமிழர்க்கு வைத்தியராகப் பணி செய்ததையே தம் கல்லறைக் கல்லிற் பொறிக்குமாறு அவர் விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

அவர் விரும்பியது நிறைவேறிற்றோ? முழுதும் நிறைவேறவில்லை என்றே கூறுதல் வேண்டும். 1870-ல் கொழும்பு நகரில் அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆங்கில வாயிலாகத் தொடங்கப்பெற்றது. கிறீன் நீங்கியபின் மானிப்பாயின் தமிழ் வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஒருவரது தோளிலே நின்ற மண்டபம் அத்தோள் அகன்றபின் எவ்வளவு காலம் நிற்கும்? கலை வளர வளர அவருடைய நூல்களும் பழையன ஆயின. இன்றளவும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மேனாட்டு வைத்தியக் கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. ஆயினும் உயரிய கலையைத் தமிழிற் சொல்ல இயலாது என்ற கூற்றை அவருடைய நூல்கள் என்றோ பொய்யாக்கிவிட்டன. இயலும் என்பதை அவர் காட்டினார். வேண்டும் என்று கொள்வது நம் பொறுப்பு. மானிப்பாயில் அவர் பெயரால் ஒரு வைத்தியசாலை உண்டு.

மாணவ நண்பர்காள்! உங்களுள் வைத்தியராக விழைவோர் பலர் இருத்தல் கூடும். நோய் தீர்த்தவுடன் நன்றி தேடி வரும், அது இனியது. கற்பித்தலுக்குரிய நன்றியோ பெரும்பாலும் வேறொருவர் வாசலுக்குச் செல்லும். கிராமத்து வீடொன்றில் பிழைத்தெழுந்த குழந்தையின் தாய், தன்னெதிரே நின்ற இளைஞனையே வாழ்த்தினாள். அவனுக்குக் கற்பித்த அந்நியர் ஒருவர் உண்டென்பதை அவள் அறியாள். அவள் அறியாமைபற்றி அவர் வருந்தியிருப்பார் என்று நாம் நினைக்கவில்லை. தாம் வேண்டப்படாத நாளை விரைவிற் கொண்டுவருதலே நல்லாசிரியர் தொழில். அத்தொழிலுக்குப் பொதுமக்கள் இன்னும் உரிய மதிப்பை அளித்திலர். கற்கும் நாமேனும் அதனை அளிப்போமாக.