தோட்டக் கொட்டகையில் கார் கட்டி, செயினுக்கு விடை கொடுத்த 21 வயது இளைஞர்... யார் இந்த லூயி ரெனோ?

புதுச்சேரி லாஸ்பேட்டை, கொக்கு பார்க் சிக்னல். உங்கள் பைக்குக்கு முன்னால் ஒரு லாரி நிற்கிறது. பச்சை விழுந்து லாரி நகரும்போது அதன் அடிவயிற்றைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நீளமான இரும்புக் குழாய் ஒன்று சுற்ற ஆரம்பிக்கும். உங்கள் பைக்கில் செயின் செய்கிற வேலையைத்தான் அந்தக் குழாய் அங்கே செய்கிறது. பாலிடெக்னிக் பாடப் புத்தகத்தில் அதற்கு 'புரொப்பல்லர் ஷாஃப்ட்' என்று பெயர். பட்டறையில் சும்மா 'ஷாஃப்ட்'.

கார்களும் ஒரு காலத்தில் செயினிலும் பெல்ட்டிலும்தான் ஓடின. அந்த வழக்கத்தை மாற்றியது பெரிய ஆலையோ, ஆராய்ச்சிக்கூடமோ இல்லை. பாரீஸ் அருகே அப்பா வீட்டுத் தோட்டக் கொட்டகையில் உட்கார்ந்து தனக்கென ஒரு கார் கட்டிய 21 வயதுப் பையன். பெயர் லூயி ரெனோ. நம்மூரில் 'ரெனால்ட்' என்று எழுதிப் பழகிவிட்டோம். பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், கடைசி எழுத்துகளுக்கு அங்கே ஓசையே கிடையாது. லாஸ்பேட்டை என்ற பெயரிலேயே 'லா' என்ற ஒரு பிரெஞ்சு கவர்னர் ஒளிந்திருக்கிறார் என்பதால் அவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

என்ஜின் கிடைத்துவிடும், சிக்கல் அடியில்தான்

வீட்டில் கார் கட்ட ஆசைப்படுபவர்கள் முதலில் என்ஜினைத்தான் யோசிப்பார்கள். உண்மையில் பழைய வண்டியில் இருந்து என்ஜினைக் கழற்றிக்கொள்ளலாம். குழாய்களை வெல்டிங் வைத்துச் சட்டம் கட்டலாம். எல்லாரும் மாட்டிக்கொள்வது ஷாஃப்ட்டில்.

காரணம் எளிது. என்ஜினும் கியர்பாக்ஸும் சட்டத்தோடு இறுக்கப்பட்டவை, அசையாது. பின் ஆக்சில் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஒவ்வொரு பள்ளத்துக்கும் மேலே கீழே போகும். அசையாத ஒன்றையும் ஆடிக்கொண்டே இருக்கிற ஒன்றையும் நேராக ஒரு கம்பியால் இணைத்தால் என்ன ஆகும்? முதல் பள்ளத்திலேயே கம்பி முறியும், இல்லையென்றால் கியர்பாக்ஸ் உடையும்.

அதனால் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் மடங்கக்கூடிய மூட்டு வேண்டும். மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்று கேட்டு வாங்குகிற யுனிவர்சல் ஜாயின்ட் அதுதான். ஆக்சில் ஏறி இறங்கும்போது தூரமும் கூடிக் குறையும். அதற்கு ஷாஃப்ட் நீண்டு சுருங்க வேண்டும், ஒரு குழலுக்குள் இன்னொன்று வழுக்கிப் போவதுபோல. அளவு கொஞ்சம் நீளமாகப் போனால் பள்ளத்தில் முட்டும். குறைந்தால் கழன்று விழும்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஒற்றை கிராஸ் சாய்வாகச் சுற்றும்போது வேகம் ஒரே சீராக வராது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை கூடும், இரண்டு முறை குறையும். பின்னால் இருக்கிற இரண்டாவது கிராஸ் அதைச் சரிக்கட்டும். ஆனால் இரண்டின் கவட்டைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் சாய்வுக் கோணம் சமமாக இருக்க வேண்டும். மாற்றிப் போட்டுவிட்டால் வண்டி உடம்பெல்லாம் உதறும். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் நல்ல மெக்கானிக் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைப்பது இதற்காகத்தான்.

1898-ல் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க லூயிக்கு ஆள் இல்லை.

படிப்பு ஏறாத கடைக்குட்டி

1877 பிப்ரவரி 12 அன்று பாரீஸில் பிறந்தார் லூயி. அப்பா ஆல்ஃபிரெட் துணி, பொத்தான் வியாபாரி. காசுக்குக் குறைவில்லை. அண்ணன்கள் ஃபெர்னானும் மார்செலும் ஒழுங்காக வியாபாரத்துக்கு வந்துவிட்டார்கள். கடைக்குட்டிக்குப் படிப்பு ஏறவில்லை. பெயர் பெற்ற பள்ளியில் சேர்த்தும் பையன் நின்றதெல்லாம் நீராவிக் கார் செய்த லெயோன் செர்போலேயின் பட்டறையில். பொறியியல் கல்லூரி நுழைவுத் தேர்விலும் தோல்வி.

பேச்சும் வராது. நாலு பேர் முன்னால் நின்றால் தடுமாறுவார், வார்த்தை கிடைக்காமல் கோபப்படுவார். ஆனால் கையில் ஸ்பானர் இருந்தால் ஆளே வேறு. பாரீஸை ஒட்டிய பில்லான்கூரில் குடும்பத்துக்கு ஒரு தோட்ட வீடு இருந்தது. அங்கிருந்த கொட்டகை அவர் பட்டறை ஆனது.

மூன்று சக்கரம் நான்கானது

அவர் கையில் இருந்தது டி டியோன்-பூத்தோன் கம்பெனியின் மூன்று சக்கர மோட்டார் வண்டி. ஒற்றை சிலிண்டர், சின்ன என்ஜின். லூயி அதைப் பிரித்தார். என்ஜினை முன்னால் வைத்தார். குழாய்களால் சட்டம் செய்து நாலு சக்கரம் மாட்டினார். இன்றைய 'கிட் கார்' கட்டுபவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான், பெட்டியில் பாகங்கள் வந்து இறங்குவது மட்டும்தான் வித்தியாசம்.

என்ஜின் முன்னால் போனதும் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பனார்-லெவாசோர் போன்ற அன்றைய பெரிய கம்பெனிகளின் வழி செயின். செயின் சத்தம் போடும், புழுதியும் சேறும் ஒட்டும், தளரும், அறுந்தும் போகும். லூயி செயினையே எடுத்துவிட்டார். கியர்பாக்ஸில் இருந்து மூட்டுகள் வைத்த ஒரு ஷாஃப்ட்டை நேராகப் பின் ஆக்சிலுக்கு ஓட்டினார். அங்கே கூம்பு வடிவப் பல்சக்கரங்கள் சுழற்சியைச் சக்கரத்தின் பக்கம் திருப்பின. இன்று கிரவுன், பினியன் என்கிறோமே, அதே வேலை.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மடங்கும் மூட்டு லூயியின் கண்டுபிடிப்பு கிடையாது. 16-ம் நூற்றாண்டு இத்தாலியக் கணித மேதை கார்டானோவின் பெயரில்தான் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் இந்த ஷாஃப்ட்டை 'கார்தான்' என்கிறார்கள். லூயியின் சாமர்த்தியம் கியர்பாக்ஸுக்குள் இருந்தது. அன்றைய வண்டிகளில் எந்த கியரில் போனாலும் பல்சக்கர ஜோடிகள் வழியாகத்தான் சக்தி போகும், ஒவ்வொரு ஜோடியிலும் கொஞ்சம் வீணாகும். லூயியின் கியர்பாக்ஸில் மூன்று கியர், ஒரு ரிவர்ஸ். மூன்றாவதைப் போட்டால் என்ஜினிலிருந்து வரும் தண்டும் வெளியே போகும் தண்டும் நேருக்கு நேர் பூட்டிக்கொள்ளும். நடுவில் எதுவும் இல்லை. 'டைரக்ட் டிரைவ்' என்று இதற்குப் பெயர். சின்ன என்ஜினுக்கு இது பெரிய லாபம்.

கிறிஸ்துமஸ் இரவு பந்தயம்

1898 டிசம்பர் 24. நண்பர்களோடு சாப்பாடு. இந்தக் குட்டி வண்டி மோன்மார்த்ர் குன்றில் உள்ள லெபிக் தெருவில் ஏறுமா என்று பேச்சு வந்தது. 13 சதவீத ஏற்றம், அதாவது 100 மீட்டர் போனால் 13 மீட்டர் உயரும். லூயி ஏற்றிக் காட்டினார். அன்று இரவே 12 பேர் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று ஆர்டர் கொடுத்ததாக ரெனோ வரலாறு சொல்கிறது. தனக்காக ஒரு வண்டி கட்டிய பையன் விடிவதற்குள் கார் உற்பத்தியாளர் ஆகிவிட்டார்.

1899 பிப்ரவரி 9-ல் டைரக்ட் டிரைவுக்குக் காப்புரிமை கேட்டு மனு போட்டார். அதே மாதம் 'ரெனோ ஃப்ரேர்' அதாவது ரெனோ சகோதரர்கள் கம்பெனி உருவானது. பணமும் கணக்கும் அண்ணன்கள் பார்த்துக்கொண்டார்கள், இரும்பு தம்பியுடையது. காப்பியடித்த போட்டியாளர்களிடம் வழக்குப் போட்டுப் பணம் வாங்கியதும் கம்பெனி வளர உதவியது.

அந்தக் காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் பெரிய மனிதர்களின் வாகனம் 'புஷ் புஷ்' வண்டி. பின்னால் ஆள் தள்ளுவார், உட்கார்ந்திருப்பவர் முன்னால் உள்ள கம்பியைப் பிடித்துத் திருப்பிக்கொள்வார். டிரான்ஸ்மிஷன் பிரச்னை அதில் இல்லை, முழுக்க மனித முதுகுதான்.

அண்ணனைக் கொன்ற வேகம்

கார் விற்க அன்று ஒரே விளம்பரம் ரேஸ். லூயியும் மார்செலும் ஓட்டினார்கள், ஜெயித்தார்கள். 1903 மே மாதம் பாரீஸ்-மாட்ரிட் ரேஸ். சாலை ஓரமெல்லாம் கூட்டம், ஒரே புழுதி. மார்செலின் கார் கவிழ்ந்தது, அவர் பிழைக்கவில்லை. இன்னும் பலர் செத்ததால் ரேஸ் போர்தோவிலேயே நிறுத்தப்பட்டது. லூயி அதன்பிறகு ரேஸ் ஓட்டவில்லை. 1909-ல் ஃபெர்னானும் இறந்தார். பேசத் தெரிந்த அண்ணன்கள் இருவரும் போய், பேச வராத தம்பி மட்டும் முதலாளியாக மிஞ்சினார்.

அது தெரிந்தது. 1911-ல் அமெரிக்கா போய் ஹென்றி ஃபோர்டின் ஆலையைப் பார்த்து வந்தவர், தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1913-ல் பெரிய ஸ்டிரைக். இரும்பு உதறினால் காரணம் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு, ஆட்கள் உதறியபோது தெரியவில்லை.

முதல் உலகப் போர் அவரை ஹீரோ ஆக்கியது. 1914 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான வீரர்களை மார்ன் போர்முனைப் பக்கம் கொண்டு சேர்த்த பாரீஸ் டாக்சிகளில் பெரும்பாலானவை ரெனோ. 1917-ல் வந்த எஃப்டி டாங்கியின் கோபுரம் முழு வட்டமாகச் சுழலும். என்ஜின் பின்னால், ஓட்டுநர் முன்னால். இன்றைய டாங்கிகளும் பெரும்பாலும் அதே அமைப்புதான்.

நம்மூரிலும் இதே ரகத்தில் ஒருவர் உண்டு. கோவை ஜி.டி.நாயுடு. 1893-ல் கலங்கலில் பிறந்தவர், பள்ளியோடு ஒட்டாதவர், வெள்ளைக்கார அதிகாரியிடம் வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டித்தான் தொழில் கற்றார். 1920-ல் பொள்ளாச்சி-பழனி பஸ், பிறகு பெரிய போக்குவரத்துக் கம்பெனி. அவர் செய்த இரண்டு பேர் உட்காரும் குட்டிக் கார் மட்டும் சந்தைக்கே வரவில்லை. லெபிக் தெருவில் லூயிக்குக் கிடைத்த அந்த 12 ஆர்டரின் அருமை இதை வைத்துப் பார்த்தால் புரியும்.

தீர்ப்பு வராத வழக்கு

இரண்டாம் உலகப் போர் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. 1940-ல் பிரான்ஸ் வீழ்ந்தபோது ரெனோ ஆலை ஜெர்மானியர் கட்டுப்பாட்டுக்குப் போனது. லாரிகள் ஜெர்மன் ராணுவத்துக்குப் போயின. 1942 மார்ச்சில் பிரிட்டிஷ் விமானங்கள் பில்லான்கூரில் குண்டு போட்டன, சுற்றியிருந்த மக்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். எந்திரங்களும் தொழிலாளர்களும் ஜெர்மனிக்குக் கடத்தப்படாமல் காப்பாற்றத்தான் லூயி ஒத்துப்போனார் என்பது ஒரு தரப்பு. எதிரிக்கு வண்டி செய்து கொடுத்தவருக்கு என்ன நியாயம் என்பது இன்னொரு தரப்பு. அந்த லாரிகள் போன திசையை யாரும் மறுக்கவில்லை.

1944-ல் பாரீஸ் விடுதலை ஆனதும் செப்டம்பரில் அவர் கைது செய்யப்பட்டு ஃப்ரேன் சிறையில் அடைக்கப்பட்டார். ஏற்கெனவே நோயாளி, பேச்சு கிட்டத்தட்ட போய்விட்ட நிலை. அக்டோபர் 24 அன்று இறந்தார், வயது 67. சிறையில் தாக்கப்பட்டார் என்று குடும்பம் குற்றம்சாட்டியது. வழக்கு விசாரணையே தொடங்காததால் குற்றவாளி என்றும் தீர்ப்பில்லை, நிரபராதி என்றும் தீர்ப்பில்லை. 1945 ஜனவரி 16-ல் அரசு கம்பெனியை நாட்டுடைமை ஆக்கிக்கொண்டது. பெயரை மட்டும் மாற்றவில்லை.

அந்தப் பெயர் 2010-ல் சென்னை அருகே ஒரகடம் ஆலை வரை வந்தது. அங்கே தயாராகும் க்விட் காரின் அடியில் குனிந்து பார்த்தால் நீளமான ஷாஃப்ட் இருக்காது. என்ஜின் முன் சக்கரங்களையே ஓட்டுவதால் இரண்டு பக்கமும் குட்டையாக ஒவ்வொன்று. ஆனால் ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் மடங்கும் மூட்டு உண்டு.